முத்துக்கனி பர்னிச்சர்

எல்லாத்துக்கும் அந்தப் பொண்ணுதான் சார் காரணம். வேற யாரும் இல்ல. என் தம்பியை எங்கிட்ட இருந்து பிரிச்சவ அவ. உயிரோட இருக்கிற என்னைப் பொணமாக்கினவ அவ. பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க போன்ல தேடுவீங்க, அதுவும் அவளுக்கு ஒரு விளம்பரமாப் போயிரும். ஓசியில நான் யாருக்கும் விளம்பரம் பண்றதில்ல.

இந்தச் சுருள் உங்க முழங்கால்ல இடிக்குதா? ஃப்ளெக்ஸ் சார். மேல வச்சா லக்கேஜ் போடுவேங்கிறான் கண்டக்டர். "சுருட்டினா கம்பு, விரிச்சாத்தான் போர்டு. கம்புக்கு ஏதுய்யா லக்கேஜு?"ன்னு கேட்டேன். முறைச்சுட்டுப் போயிட்டான். இப்படிக் கொஞ்சம் சாய்ச்சுக்கிறேன். சரியா?

நீங்க திருச்செந்தூரா? சாமி கும்பிடவா? நல்லது. நான் அதுக்கு முந்தியே இறங்கிருவேன், ஆறுமுகநேரி. அங்க இன்னைக்கு ஒரு தெவசம். தலைத் தெவசம். போன ஆடியில போனது.

யாருக்கா? எனக்குத்தான்.

தள்ளி உக்காராதீங்க சார். கையைத் தொட்டுப் பாருங்க. சூடு இருக்குல்ல? கோபக்காரன் கை, எப்பவும் சூடாத்தான் இருக்கும்.

என் பேரு வெயில்முத்து. ஒட்டன்சத்திரத்துல 'முத்து ஹோம்ஸ்'. கட்டில், பீரோ, சோபா, டைனிங் டேபிள். கேள்விப்பட்டிருப்பீங்களே? இல்லையா? அப்போ அவ என்னத்த விளம்பரம் பண்ணிக் கிழிச்சா, நீங்களே சொல்லுங்க.

நான் பள்ளிக்கூடத்துல படிச்சவன் இல்ல. தெருவுல படிச்சவன். நானும் என் தம்பி ராஜக்கனியும் மடக்குக் கட்டிலை அடுக்கித் தலையில தூக்கிக்கிட்டு ஊர் ஊரா வித்தவங்க. முன் முனை என் தலையில, பின் முனை அவன் தலையில. முன்னால போறவனுக்கு வழி தெரியும். பின்னால வர்றவனுக்கு முன்னால போறவன் குதிகால்தான் தெரியும். அவன் என் குதிகாலைப் பாத்தே நடந்தவன் சார். எங்க நிப்பேன், எங்க திரும்புவேன்னு நான் வாய் திறந்து சொன்னதே இல்ல.

பேரம் பேசுறது என் வேலை. உங்களுக்கு ஒரு வித்தை சொல்றேன், வச்சுக்குங்க. பேரத்துல எதிராளி முகத்தைப் பாக்கக் கூடாது. முகம் பொய் சொல்லும். காலைப் பாக்கணும். "வேணாம்யா, நான் போறேன்"னு வாய் சொல்லும், கால் விரல் கட்டிலைப் பாத்தே நிக்கும். அப்போ இம்மியும் இறங்கக் கூடாது. கால் திரும்பிருச்சா, உடனே இறங்கிரணும். கால் திரும்பினவன் திரும்பி வர மாட்டான்.

அப்படிச் சேத்துச் சேத்து வச்ச கடைதான். ரெண்டு பேரு பேரையும் கோத்து 'முத்துக்கனி பர்னிச்சர்'னு பேரு வச்சோம். திறப்பு விழா அன்னைக்குப் போர்டுக்குக் கீழ நின்னு ஒரு போட்டோ எடுத்தோம். அவன் என் தோள்ல கை போட்டுக்கிட்டு நிப்பான். பல்லு அத்தனையும் தெரியும். அந்தப் போட்டோவை ஞாபகம் வச்சுக்குங்க சார், அதுலதான் வில்லங்கமே.

கடை நல்லாத்தான் போச்சு. நான் கல்லாவுல, அவன் குடோன்ல. அப்புறம் எதிர்த்தாப்புல ஒரு பெரிய ஷோரூம் வந்துச்சு. கண்ணாடிக் கதவு, ஏசி, உள்ள போனா ஜூஸ் குடுக்கிறான். பேரு நாலே எழுத்து. ராத்திரியில பளபளன்னு எரியுது. நம்ம போர்டைப் பாத்தா எனக்கே பழைய பலசரக்குக் கடை மாதிரி இருந்துச்சு. இந்தக் காலத்துக்குப் பேரு சின்னதா, போன்ல அடிக்க வசதியா இருக்கணும்ல? 'முத்து ஹோம்ஸ்'னு மாத்தினேன். யாவாரம் சார் இது. இதுல தம்பி என்ன, அண்ணன் என்ன.

போர்டு ஏத்துற அன்னைக்கு ராஜக்கனி குடோன்ல இருந்து வந்தான். உடம்பெல்லாம் மரத்தூள். அண்ணாந்து பாத்தான். "எம் பேரு எங்கண்ணே?"ன்னான். அவ்வளவுதான் கேட்டான். "பேருல என்னடா இருக்கு? பங்கு இருக்குல்ல"ன்னேன். அவன் கால் ரோட்டுப் பக்கம் திரும்பிருச்சு. பாத்தேன் சார், பாக்காம இல்ல. கூடப் பொறந்தவன்கிட்டப் போய் இறங்கிப் பேசுறதான்னு விட்டுட்டேன். அவனுக்கே தெரிய வேணாமா? பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு அவ ஊரான ஆறுமுகநேரிக்குப் போயிட்டான். உப்பளத்துல லோடு ஏத்துறான்னு கேள்வி. கடை வச்சவன், லோடு ஏத்துறான். எனக்குத்தான் அசிங்கம்.

மூணு வருஷம் பேச்சே கிடையாது. அவனும் கூப்பிடல. மூத்தவன் நான், எனக்கென்ன தலையெழுத்தா?

இருங்க, எட்டயபுரம் வந்துருச்சு. ஏம்மா, வெள்ளரிப்பிஞ்சு எப்படி? என்னம்மா, தங்கத்துலயா காய்ச்சது? இன்னும் ரெண்டைச் சேத்து வை. வையும்மா, பஸ் எடுத்தாக் கூடை அப்படியேதான் இருக்கும். ஆ, அப்படி. சாப்பிடுங்க சார். பாத்தீங்களா, அது வாய் முடியாதுன்னுச்சு. கால் பஸ்ஸை விட்டு நகரல.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆமா, அந்தப் பொண்ணு.

பேரு மாத்தியும் கூட்டம் வரல. எதிர்க்கடைக்காரன் தெனம் ரீல்ஸ் போடுறான், சோபாவுல குழந்தை குதிக்கிற மாதிரி, கிழவன் தூங்குற மாதிரி. நமக்கும் அப்படி ஒண்ணு வேணும்னு விசாரிச்சேன். ஜெராக்ஸ் கடை மாடியில ஒரு பொண்ணு விளம்பர ஆபீஸ் வச்சிருக்கான்னாங்க. வந்தா. சின்ன உருவம், பெரிய பை. ஃபேஸ்புக் பேஜ், இன்ஸ்டா, போஸ்டர், வீடியோ எல்லாம் தனித்தனி ரேட்டுன்னா. போஸ்டர் ரேட்டுக்கே எல்லாத்தையும் முடிச்சேன். அவ கால் திரும்பவே இல்ல சார், புதுசா தொழிலுக்கு வந்தவ.

ஆடித் தள்ளுபடிக்கு ஒரு ஐடியா கொண்டாந்தா. செத்த வீட்டுப் போஸ்டர் மாதிரியே கறுப்புக் கட்டம், மேல 'கண்ணீர் அஞ்சலி', நடுவுல ஒரு விலைச்சீட்டு, அதுக்கு மாலை. கீழ 'உயர்ந்த விலை காலமானது'. அவ ஐடியா சார்! அவ மூளையில உதிச்சது. இதை யாரும் மறுக்க முடியாது.

எனக்குப் பிடிச்சிருந்துச்சு. கொஞ்சம் மெருகேத்தினேன், அவ்வளவுதான். "விலைச்சீட்டுக்கு எவன் நின்னு பாப்பான்? மனுஷன் செத்தாத்தான் நிப்பான். என் படத்தைப் போடு"ன்னேன்.

"ஐயோ, வேணாம் அண்ணாச்சி. உயிரோட இருக்கிறவங்க படத்துக்கு மாலை போட்டா எங்கம்மா என்னை வீட்டுக்குள்ளயே விடாது."

"என் மூஞ்சிதாம்மா பிராண்டு. போடு."

"அப்போ கீழ பொடி எழுத்துல 'விளம்பரம்'னு ஒரு வார்த்தை போட்டுருவோம் அண்ணாச்சி."

"செத்த வீட்டுப் போஸ்டர்ல எவளாவது விளம்பரம்னு போடுவாளா? எடு அதை."

காலையில ஒட்டினா சாயங்காலமே ரெண்டாவது போஸ்டர் ஒட்டிரணும், 'செத்தது முத்து இல்லை, விலைதான்'னு, அப்படின்னா. அதென்ன அவசரம்? ஊரு ரெண்டு நாள் பேசட்டும்னேன். பொருளைக் கையில குடுக்கிறதுக்கு முந்தி கொஞ்சம் ஏங்க விடணும்ல, அது அவளுக்குத் தெரியல. படிச்ச பொண்ணு, யாவாரம் தெரியல.

படம் கேட்டா. சிரிச்ச முகமா எங்கிட்ட இருந்தது அந்தத் திறப்பு விழாப் போட்டோ ஒண்ணுதான். அனுப்பி வச்சேன். அவ அதுல தம்பியை வெட்டி எடுத்துட்டு என்னை மட்டும் வச்சா. ஆனா என் தோள்ல அவன் விரல் நாலும் அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்குது. "அண்ணாச்சி, இந்த விரலை என்ன பண்ண? அழிச்சா உங்க சட்டையும் சேந்து போகுது"ன்னா. "மாலையை இறக்கிப் போட்டு மறை, நேரமாகுது"ன்னேன். மறைச்சா. கெட்டிக்காரிதான், இல்லேங்கல.

கீழ 'வருந்தும் குடும்பத்தார்'னு பேரு போடணும். மனைவி சந்தனமாரின்னு போட்டா. எனக்கு ஒரே பொண்ணு, துபாய்ல இருக்கா. ஆம்பளைப் பேரு ஒண்ணு இல்லாம போஸ்டர் எடுபடுமா சார்? கொள்ளி வைக்க ஆள் இல்லாத பொணம் மாதிரி இருக்கும். "தம்பி ராஜக்கனின்னு சேத்துக்க"ன்னேன்.

"அவங்ககிட்டக் கேட்டுட்டீங்களா அண்ணாச்சி?"

"என் தம்பி. நான் ஏன் கேக்கணும்?"

வீட்டுல அந்தப் போஸ்டரோட மாதிரியைப் பாத்துட்டு சந்தனமாரி, "என் நெத்தியில பொட்டு இருக்கும்போதே இதை ஊர் பூரா ஒட்டுவீங்களா?"ன்னா. "ரெண்டே நாள், பொறுத்துக்க"ன்னேன். ஒரு மஞ்சப்பையில துணியை அடைச்சுக்கிட்டு அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. பொம்பளைகளுக்கு எல்லாத்துலயும் சகுனம். இப்போ வந்துட்டா, வந்துட்டா. ஆக்கிப் போடுறா. பேச்சுத்தான் இல்ல.

போஸ்டர் ஒட்டின அன்னைக்கு நான் குடோன்ல இருந்தேன். போனை அணைச்சு வச்சுட்டேன், செத்தவன் போன் அடிக்கக் கூடாதுல்ல. அதே போஸ்டரை ஃபேஸ்புக் பேஜுலயும் போட்டிருந்தோம், அதுக்கு வர்றதை அந்தப் பொண்ணு அவ போன்ல காட்டினா. ஆகா! ஒரு டீ வாங்கித் தராதவன்லாம் 'தங்கமான மனுஷன்'னு எழுதுறான். நான் கடன் குடுக்காம விரட்டி விட்டவன் 'வள்ளல் மறைந்தார்'ங்கிறான். ஒருத்தன் மட்டும், 'வாங்கின பீரோ கதவு இன்னும் மூடல, இனிமே யாரைப் போய்க் கேக்கிறது'ன்னு எழுதியிருந்தான். அவன் ஒருத்தன்தான் மனசுல பட்டதை எழுதினவன். சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறே புண்ணாப் போச்சு.

உள்ளூர்க்காரனுக்கு மறுநாளே சந்தேகம் வந்துருச்சு. பந்தல் இல்ல, சங்குச் சத்தம் இல்ல. "அண்ணாச்சி ஏதோ வேலை காட்டுறாரு"ன்னு டீக்கடையில பேச்சு. அதுதானே வேணும்? துபாய்ல இருக்கிற எம் பொண்ணுக்கு முன்னாடியே போன் போட்டுச் சொல்லிட்டேன். தம்பிக்கு? பேச்சுவார்த்தை இல்லாதவன்கிட்ட எப்படி சார் சொல்றது?

அன்னைக்குச் சாயங்காலம் அந்த விளம்பரப் பொண்ணு போனைப் பாத்துக்கிட்டே, "அண்ணாச்சி, ராஜக்கனின்னு ஒருத்தர் பேஜுக்கு எழுதிக்கிட்டே இருக்காரு. உங்க தம்பிங்கிறாரு. எப்ப எடுக்கிறாங்கன்னு கேக்கிறாரு. என்ன சொல்ல?"ன்னா.

நான் பீரோவுக்குள்ள நின்னு பாத்துக்கிட்டிருந்தேன் சார். மறுநாள் நான் பீரோவைத் திறந்துக்கிட்டு வெளிய வர்ற மாதிரி ஏற்பாடு. காத்து வருமா, கதவு உள்ள இருந்து திறக்குமான்னு எனக்கு அந்தக் கவலை. "எவனாவது வெளையாடுவான். காலையில பத்து மணிக்குன்னு சொல்லு"ன்னேன். கடை திறப்பு பத்து மணிக்கு. வாயில வந்தது அது.

"நெஜமாவே தம்பியா இருந்தா?"

"இருந்தா வரட்டும். கூட்டத்துக்கு ஒரு ஆளு கூட."

அவ அழுத்திச் சொல்லியிருக்கணும்ல? 'நெஜமாவே தம்பிதான் அண்ணாச்சி, அழுகிறாரு அண்ணாச்சி'ன்னு ஒரு வார்த்தை. இருந்தா, கிருந்தான்னு இழுத்தா எனக்கு எப்படித் தெரியும்? இப்போ கேட்டா, "நீங்க அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாம் வச்சிருக்கேன் அண்ணாச்சி"ங்கிறா. வச்சுக்க. கோர்ட்டுக்கா போகப் போறோம்?

மறுநாள் பத்து மணி. கடை முன்னாடி நிக்க இடமில்ல. செண்டை மேளம். கலர் பலூன். ஷட்டர் மேல போகுது, நடுவுல பீரோ, பீரோவைச் சுத்தி லைட்டு. நான் கதவைத் தள்ளிக்கிட்டு வெள்ளை வேட்டி சட்டையோட வெளிய வர்றேன். விசில் காதைப் பிளக்குது. அவ எதிர்ல நின்னு வீடியோ எடுக்கிறா. நான் மைக்கைப் பிடிச்சு, "செத்தது முத்து இல்லை"ன்னு ஆரம்பிக்கிறேன்.

அப்போதான் ஆட்டோ வந்து நின்னுச்சு.

மொதல்ல அவன் பொண்டாட்டி. "அத்தான், எங்களை இப்படி விட்டுட்டுப் போயிட்டீங்களே"ன்னு மாருல அடிச்சுக்கிட்டு இறங்குது. பின்னால ராஜக்கனி. ஒரு கையில ரோஜா மாலை, ஒரு கையில கோடி வேட்டி. கன்னம் ஒட்டிப் போயிருக்கான். கால்ல செருப்பு இல்ல. கூட்டம் ரெண்டாப் பிளந்து வழி விட்டுக் கை தட்டுது. "செம ஆக்டிங்யா"ங்கிறான் ஒருத்தன். "யாருப்பா அந்த அம்மா, சீரியல்ல வருமே"ங்கிறான் இன்னொருத்தன்.

உங்க போன்லயும் வந்திருக்கும் சார் அது. பீரோவுல இருந்து ஒருத்தன் வர, இன்னொருத்தன் மாலையோட அழுதுக்கிட்டு நிப்பானே? பாத்திருப்பீங்க. சிரிச்சிருப்பீங்க. மறைக்காதீங்க, எல்லாரும்தான் சிரிச்சாங்க.

அவன் என்னைப் பாத்தான். நம்பல. கிட்ட வந்தான். மாலையைத் தோள்ல மாட்டிக்கிட்டு ரெண்டு கையாலயும் என் கன்னத்தைப் பிடிச்சான், காதைப் பிடிச்சான். அந்தக் கையில உப்பு வெடிப்பு சார், சொரசொரன்னு இருந்துச்சு. "இருக்கியாண்ணே? இருக்கியா?"ன்னான். அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வருது அவனுக்கு. "எவனோ ஒட்டி விட்டிருக்காண்ணே, நீ செத்துட்டேன்னு. எவன்ணே அவன்? ஆளை மட்டும் காட்டு. கையை ஒடிச்சுப் போடுறேன்."

என் தம்பி சார். மூணு வருஷம் பேசாதவன்.

எனக்கும் கண்ணு கலங்கிருச்சு, இல்லேங்கல. ஆனா யாவாரி கண்ணு ரெண்டு பக்கமும் பாக்கும். கூட்டம் அப்படியே உறைஞ்சு நிக்குது, கேமரா ஓடுது. ஆயிரம் குடுத்தாலும் இப்படி ஒரு காட்சி அமையுமா? அவன் காதுல சொன்னேன்: "டேய், அந்த மாலையை அப்படியே என் கழுத்துல போடு. கேமரா இந்தப் பக்கம் இருக்கு, கொஞ்சம் திரும்பிக்க."

அதுல என்ன தப்பு? மாலை கொண்டாந்தவன் போட வேண்டியதுதானே? செத்தவனுக்குக் கொண்டாந்த மாலை, உயிரோட இருக்கிற அண்ணனுக்குப் போட்டா அது மரியாதை இல்லையா?

அவன் கை என் கன்னத்துல இருந்து இறங்குச்சு. கேமராவைப் பாத்தான். பலூனைப் பாத்தான். பீரோவைப் பாத்தான். அப்புறம் ரொம்ப மெதுவா, "நீதானா"ன்னான்.

அந்தப் பொண்ணு கேமராவைக் கீழ இறக்கிட்டா. "எடு, எடு"ன்னு கத்துறேன், எடுக்க மாட்டேங்கிறா. சம்பளம் வாங்கினவ! நல்லவேளை, கூட்டத்துல எவனோ எடுத்துப் போட்டுட்டான். நான் அதை ஷேர் பண்ணினேன், அவ்வளவுதான். போட்டது நான் இல்ல.

கடைத் தூண்ல மொதப் போஸ்டர் இன்னும் கிழியாம இருந்துச்சு. ராஜக்கனி அங்க போனான். போஸ்டர்ல கீழ, அவன் பேரு இருக்கிற இடத்தை விரலால தடவினான். என்னைப் பாத்துப் பேசல, போஸ்டரைப் பாத்துத்தான் பேசினான். "உசுரோட இருக்கையில போர்டுல இருந்து எடுத்த. சாகும்போதாவது எம் பேரைச் சொல்லிட்டுப் போயிருக்கேன்னு நெனச்சுத்தாண்ணே ஓடியாந்தேன்."

தூணுக்குக் கீழ மாலையை வச்சான். கோடியைப் பிரிச்சுத் தூணுக்குப் போத்தினான். விழுந்து கும்பிட்டான். எந்திரிச்சு அவன் பொண்டாட்டிகிட்ட, "வா, எடுத்தாச்சு"ன்னான். டீக்கடை வாசல்ல தண்ணி டிரம்மு இருக்கும். ரெண்டு செம்பு மோந்து தலையில ஊத்திக்கிட்டான். ஈரத் துணியோட நடந்தான். நான் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அவன் குதிகாலைப் பாத்துக்கிட்டே நிக்கிறேன் சார். அது வரைக்கும் நான் அவன் குதிகாலைப் பாத்ததே இல்ல. பாளம் பாளமா வெடிச்சிருந்துச்சு.

அன்னைக்கு வித்த மாதிரி என்னைக்கும் வித்ததில்ல. கடையில ஒரு முக்காலி கூட மிஞ்சல. சரி, அதை விடுங்க.

நாலு நாள் கோபம், தணிஞ்சிரும்னு இருந்தேன். பதினாறாம் நாள் அவன் மொட்டை போட்டு, ஆத்துல முங்கி, ஊர்க்காரங்களுக்குச் சோறு போட்டிருக்கான். எனக்கு! வீட்டுல என் படத்தை மாட்டி, மாலை போட்டு, சின்ன லைட்டு எரிய விட்டிருக்கானாம். ஆள் விட்டுச் சொல்லிப் பாத்தேன். "எங்கண்ணன் போயிட்டாரு. அவரே போஸ்டர் ஒட்டிச் சொல்லிட்டாரு, அதை நான் பொய்யாக்கலாமா?"ன்னானாம். போன் போட்டேன். என் குரலைக் கேட்டதும் வச்சுட்டான்.

இப்போ போன வாரம் ஒரு சொந்தக்காரன் இதை அனுப்பினான். பாருங்க, கண்ணாடி வேணுமா? 'முதலாமாண்டு நினைவஞ்சலி'. ஆறுமுகநேரி பஸ் ஸ்டாண்டுல ஒட்டியிருக்கான். படம் அவ செஞ்ச அதே படம்தான், பேஜுல இருந்து எடுத்திருக்கான். கீழ படிங்க. 'முத்துக்கனி பர்னிச்சர் உரிமையாளர்'. கோபம் வருமா வராதா சார்? அந்தப் பேரு மாறி எவ்வளவு காலமாச்சு? பிராண்டுன்னா என்னன்னே தெரியாம, இல்லாத கடைக்கு என்னை உரிமையாளர் ஆக்கி வச்சிருக்கான்.

அதைப் பாத்துட்டுத்தான் கிளம்பினேன். இந்த ஃப்ளெக்ஸ்ல என்ன இருக்குங்கிறீங்க? 'முத்துக்கனி'தான். மாதிரி போர்டு. நான் இறங்கி வந்துட்டேன் சார். இதுக்கு மேல ஒரு யாவாரி இறங்க முடியாது. போர்டுல அவன் பேரை நான் சேக்கிறேன். சுவத்துல என் படத்தை அவன் இறக்கட்டும். ஒண்ணுக்கு ஒண்ணு. நியாயமான பேரம்தானே?

நியாயம்தானே சார்? ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க?

எனக்கு இருக்கிற ஒரே பயம் வேற. கொள்ளி வைக்க வேண்டியவன் அவன்தான். நாளைக்கு நெஜமாவே நான் போயிட்டா யாரு சார் வருவா? அவன்தான் ஏற்கெனவே வந்து, மாலை வச்சு, தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுப் போயிட்டானே. ஒரு சாவுக்கு ரெண்டு தடவை எவன் அழுவான்?

அதான் காலையில யோசிச்சேன். வெறும் ஃப்ளெக்ஸோட போனா அவன் முகத்தைத் திருப்பிக்குவான். அந்தத் திறப்பு விழாப் போட்டோ முழுசா இருந்தா, அவன் என் தோள்ல கை போட்டுச் சிரிக்கிற படம், அதை முன்னால நீட்டினா ஒரு நிமிஷமாவது நிப்பான். என் போன் மாத்தினதுல அது போச்சு. அவகிட்டத்தான் இருக்கணும். கேட்டா என்ன சொல்றா தெரியுமா? "பழைய பேரு தெரியுற படம் ஒண்ணு கூட எங்கயும் இருக்கக் கூடாதுன்னு நீங்கதான் அண்ணாச்சி அழிக்கச் சொன்னீங்க"ங்கிறா. சொல்லியிருப்பேன். யாவாரத்துல ஆயிரம் சொல்லுவோம். எல்லாத்தையும் அப்படியே செஞ்சுருவாளா? சொன்னதைச் செய்ய ஒரு ஆளு, சம்பளம் வேறயா?

என்னது? ஆறுமுகநேரியா? அதுக்குள்ளயா?

இருய்யா கண்டக்டர், கத்தாத. இறங்குறவன் இறங்குவான். அங்க பாருங்க சார், ஸ்டாண்டு சுவத்துல. அது நான்தான். மழையில கொஞ்சம் வெளுத்திருக்கு.

ஏன் சார் என் காலையே பாக்கிறீங்க? சொல்லிக் குடுத்த வித்தையை எங்கிட்டயே காட்டுறீங்களா? இறங்குவேன். இறங்காம என்ன. போய்யா, வண்டியை எடு, நான் திருச்செந்தூர் போயிட்டுத் திரும்புற வண்டியில வந்துக்கிறேன். டிக்கெட்டு போட்டுக்க. அவ படம் அனுப்பட்டும், அப்புறம் இறங்குறேன். ஒரு நிமிஷம் சார், இந்த வாய்ஸ் மெசேஜை அனுப்பிக்கிறேன்.

ஏம்மா. அண்ணாச்சிதான் பேசுறேன். போனை எடுக்க மாட்டேங்கிற, சரி. இதையாவது கேளு. அழிஞ்சதையெல்லாம் கம்ப்யூட்டர்ல திரும்ப எடுக்கலாமாம், எல்லாரும் சொல்றாங்க. எவ்வளவு நேரமானாலும் தேடு. கேட்ட ரேட்டைத் தர்றேன், பேரம் பேச மாட்டேன். என் பக்கத்துல நின்னவனை வெட்டினது உன் கைதானே? அந்த நாலு விரலும் இன்னும் என் தோள்லதான் இருக்கு, மாலைக்கு அடியில. அதுல இருந்து பிடிச்சு, கையை, தோளை, முகத்தை, அந்தச் சிரிப்பை, எல்லாத்தையும் எடுத்துப் பழையபடி என் பக்கத்துல ஒட்டிக் குடு. நீதான் வெட்டின. நீதான் ஒட்டணும்.